பதினேழு வயதில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது?

அக்கா துபாயிலிருந்து கூப்பிட்டால் "சாப்டியா" என்றுதான் ஆரம்பிப்பாள். இரண்டு மாதமாக அது போய், "ஸ்டான்ஃபோர்டுக்குப் போடலாமா, இல்ல கார்னெலே போதுமா?" என்று ஆரம்பிக்கிறாள். அவள் மகள் அமெரிக்காவில், சியாட்டில் பக்கத்தில், கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றில் படிக்கிறாள். வரும் ஜூனில் அங்கே இரண்டாண்டுப் படிப்பு முடிகிறது. அப்போது அவளுக்கு வயது பதினேழரை.

அது எப்படி என்று கேட்பவர்களுக்கு: வாஷிங்டன் மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்கள் பலவற்றில் 16 வயது நிரம்பிய வெளிநாட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்காமலே சேரலாம். அசோசியேட் டிகிரி எனப்படும் இரண்டாண்டுப் பட்டமும் பள்ளி டிப்ளமாவும் ஒரே படிப்பில் கைக்கு வந்துவிடும். இந்தோனேசியா, ஹாங்காங், வியட்நாம் குடும்பங்கள் நெடுநாளாகப் பயன்படுத்துகிற வழி இது. எங்கள் வீட்டுப் பெண் துபாயில் ஐஜிசிஎஸ்இ என்ற பத்தாம் வகுப்பு அளவுத் தேர்வை எழுதிவிட்டு 2025 ஜனவரியில் இந்த வழியாக வந்தாள். கோடை விடுமுறையிலும் விடாமல் படித்து, ஆறு குவார்ட்டரில், அதாவது ஆறு காலாண்டுப் பருவங்களில், 90 கிரெடிட்டை (படித்த பாடங்களின் அளவு) முடிக்கப் போகிறாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர்.

அடுத்த இரண்டு ஆண்டுகளை எங்கே படிப்பது என்பதுதான் கேள்வி. கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் சித்தி நான் ஒருத்தி இருக்கிறேன் என்பதால் ஆராய்ச்சி முழுவதும் என் தலையில் விழுந்தது. சனி ஞாயிறுகளில் விதிமுறைகளைப் படித்துப் படித்து ஒரு நோட்டு நிரம்பிவிட்டது. வயது குறைந்த பிள்ளையை வைத்துக்கொண்டு இதே குழப்பத்தில் இருக்கும் வேறு வீடுகளுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

வயது எதற்கு உதவும், எதற்கு உதவாது

அக்காவின் கணக்கு எளிமையானது. பதினேழு வயதில் மூன்றாம் ஆண்டுக்கு வருகிற பெண் என்றால் எந்தப் பல்கலைக்கழகமும் வாயைப் பிளக்கும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். டிரான்ஸ்ஃபர், அதாவது பாதிப் படிப்பில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான விண்ணப்பத்தில் கேட்கிறவற்றை வரிசையாகப் பார்த்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது. என்ன பாடங்கள் எடுத்தாய், என்ன மதிப்பெண், உன்னைத் தெரிந்த பேராசிரியர் யார், ஏன் இடம் மாறுகிறாய், நீ படிக்க விரும்புகிற துறைக்கு வேண்டிய அடிப்படைப் பாடங்கள் முடிந்தனவா என்று கேட்கிறார்கள். வயதுக்கு மார்க் கிடையாது. சொல்லப்போனால், தனியாக இந்தக் குழந்தை சமாளிக்குமா என்ற சந்தேகத்தைத்தான் அது படிக்கிறவர் மனதில் கிளப்பும்.

வயது தருகிற லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. இருபது, இருபத்தொன்று வயதில் டிரான்ஸ்ஃபர் ஆகிறவர் ஒரு கிரெடிட் வீணானாலும் பதறுவார், ஒரு வருடம் பின்தங்கினால் வீட்டில் பேச்சு கேட்பார். இவள் ஒரு வருடத்தை எங்கேயாவது விட்டுவிட்டாலும் தன் வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் இருப்பாள். கையில் ஒரு வருடம் உபரி. அதை எங்கே செலவு செய்தால் அதிகம் கிடைக்கும் என்று பார்க்க ஆரம்பித்தவுடன், பட்டியலில் இருந்த பெயர்களின் வரிசையே மாறிப்போனது.

சின்ன வயதில் கல்லூரிக்குப் போய்ப் பெயர் வாங்கியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்கா அவர்களைத்தான் அடிக்கடி உதாரணம் காட்டுகிறாள். தனிஷ்க் ஆபிரகாம் எங்கள் ஊர்ப் பையன். கேரளக் குடும்பம். சாக்ரமெண்டோவின் அமெரிக்கன் ரிவர் காலேஜில் 2015ல், 11 வயதில், அசோசியேட் பட்டம் வாங்கி, யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கிளைக்கு டிரான்ஸ்ஃபர் ஆகி, 2018ல் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். 2023ல் அதே டேவிஸில் முனைவர் பட்டம். மோஷே காய் காவலின் 2009ல் ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் காலேஜை 11 வயதில் முடித்து, பிறகு யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் கிளையான யூசிஎல்ஏவில் கணிதம் படித்து, 2012ல் பட்டதாரியானார். கணித மேதை டெரன்ஸ் டாவ் பிறந்த ஊரான அடிலெய்டிலேயே ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் 1991ல் இளங்கலையும் 1992ல் முதுகலையும் முடித்துவிட்டு, அதன்பிறகுதான் பிரின்ஸ்டனுக்கு ஆராய்ச்சிக்குப் போனார். இங்கிலாந்தில் ரூத் லாரன்ஸ் 1983ல் 12 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தபோது அவருடைய அப்பாவும் கூடவே போனார்.

இவர்கள் எல்லோருக்கும் பக்கத்தில் வீடு இருந்தது, அல்லது வீடு அவர்களோடு நகர்ந்தது. ஸ்பான்சர் கடிதமும், மாணவர் விசாவுக்காகக் கல்லூரி தருகிற ஐ-20 படிவமும் கையில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறுகிற வெளிநாட்டுப் பிள்ளைக்கு அது கிடையாது. இந்த வித்தியாசத்தை அக்காவுக்குப் புரியவைக்க எனக்கு மூன்று போன் கால் பிடித்தது.

பெரிய தனியார் பெயர்கள்

ஸ்டான்ஃபோர்டை முதலில் பார்ப்போம், ஏனென்றால் சீக்கிரம் முடிந்துவிடும். டிரான்ஸ்ஃபராக விண்ணப்பிக்கிறவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் இடம். ஹார்வர்டில் இன்னும் மோசம், ஆண்டுக்குப் பன்னிரண்டு பேர் அளவில். பிரின்ஸ்டன் 1990ல் டிரான்ஸ்ஃபரையே நிறுத்திவிட்டு 2018ல்தான் மறுபடி திறந்தது. அந்த முதல் ஆண்டில் 13 பேருக்கு இடம் கொடுத்தார்கள். அந்த இடங்களிலும் ராணுவத்தில் இருந்து வந்தவர்களுக்கும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும், கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கும் முன்னுரிமை. இந்தக் கதவுகளைத் தட்டுவதில் தப்பில்லை. ஆனால் அவற்றை நம்பி வேறு எதையும் தள்ளிப்போடக் கூடாது.

பணம் பற்றி ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஸ்டான்ஃபோர்டுக்குப் போடவே கூடாது. வெளிநாட்டு மாணவர் விண்ணப்பிக்கும்போதே நிதியுதவி வேண்டும் என்று சொல்லாவிட்டால், பிறகு படித்து முடிக்கும்வரை கேட்க முடியாது. கேட்டால், அதுவும் சேர்க்கை முடிவில் கணக்கில் எடுக்கப்படும். "முதல்ல சேர்ந்துடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்கிற நம்மூர்ச் சாமர்த்தியம் அங்கே செல்லாது.

கார்னெல் வேறு மாதிரி. ஐவி லீக் என்ற எட்டுப் பழைய தனியார் பல்கலைக்கழகங்களில் டிரான்ஸ்ஃபர்களை உண்மையிலேயே நிறைய எடுத்துக்கொள்கிற இடம் அது. ஆண்டுதோறும் பல நூறு பேர் சேர்கிறார்கள். இன்னொரு குணமும் உண்டு. இரண்டாம் ஆண்டு மாணவராகவும் சேரலாம், மூன்றாம் ஆண்டு மாணவராகவும் சேரலாம். இவளுடைய கிரெடிட்டில் கொஞ்சத்தை ஏற்காமல் இரண்டாம் ஆண்டில் போட்டார்கள் என்று வையுங்கள். மற்றவர்களுக்கு அது ஒரு வருட நஷ்டம். இவளுக்கு அது மூன்று வருட கார்னெல். நான் இதை அனுகூலமாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று வருடம் ஏன் முக்கியம் என்றால், கணிதத்தில் இவள் பிஎச்டி வரை போக நினைக்கிறாள். அந்த விண்ணப்பங்கள் கடைசி ஆண்டு டிசம்பர், ஜனவரியில் போக வேண்டும். மூன்றாம் ஆண்டில் சேர்கிறவருக்குப் புது இடத்தில் ஒன்றேகால் வருடம்தான் கிடைக்கும். அதற்குள் மேல்நிலைக் கணிதப் பாடங்களை எடுத்து, மூன்று பேராசிரியர்கள் தன்னைப் பற்றி நாலு வரி மனதாரச் சொல்கிற அளவுக்குப் பழக வேண்டும். அறிமுகமில்லாத ஊரில், வகுப்பில் எல்லோரையும் விடச் சின்னவளாக இருந்துகொண்டு, அது லேசு இல்லை.

கார்னெலுக்கு எதிராக இரண்டு விஷயங்கள். செலவு ஆண்டுக்கு 90,000 டாலரை ஒட்டி வரும், வெளிநாட்டு டிரான்ஸ்ஃபருக்கு உதவி கிடைப்பது அபூர்வம். இன்னொன்று இதாகா. நியூயார்க் மாநிலத்தின் உள்பகுதியில் பனி கொட்டுகிற சின்ன ஊர். நியூயார்க் நகரத்திலிருந்து பஸ்ஸில் நாலு, ஐந்து மணி நேரம். சாக்ரமெண்டோவிலிருந்து நான் போய்ச் சேர ஒரு நாள் ஆகிவிடும். சேர்கிற ஆண்டின் நவம்பர் வரை அவளுக்கு 18 ஆகாது என்பதை நினைத்தால் அந்த ஒரு நாள் எனக்கு உறுத்துகிறது.

கலிஃபோர்னியா: நேராகப் போவதும் சுற்றிப் போவதும்

யூசி பெர்க்லியும் யூசிஎல்ஏவும் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்களில் சுமார் கால்வாசியை ஏற்கின்றன. ஸ்டான்ஃபோர்டோடு வைத்துப் பார்த்தால் கதவு திறந்தே கிடப்பது போலத் தோன்றும். நானும் ஏமாந்தேன். யூசி முழுவதிலும் டிரான்ஸ்ஃபராகச் சேர்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வருகிறார்கள். அவர்களுக்குத்தான் முதல் இடம் என்பது மாநிலத்தின் கொள்கை. வாஷிங்டனில் படிக்கிறவளுக்கு அந்தக் கால்வாசிக் கணக்கு பொருந்தாது. டேக் எனப்படும் உத்தரவாதச் சேர்க்கைத் திட்டமும் இவளுக்குக் கிடையாது. டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிகளில், குறிப்பிட்ட பாடங்களும் மதிப்பெண்ணும் இருந்தால் இடம் உறுதி என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிற திட்டம் அது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் உண்டு, ஆனால் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் படிக்கிறவர்களுக்கு மட்டும்.

அப்படியானால் ஒரு வருடம் இங்கே வந்து படித்தால்? விதியைத் தேடிப் பார்த்தேன். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர் என்று யூசி கணக்கில் வர, கோடையை விட்டுவிட்டுக் குறைந்தது இரண்டு பருவங்கள், 30 செமஸ்டர் யூனிட் (அரையாண்டுப் பருவக் கணக்கில் கிரெடிட்) இங்கே முடித்திருக்க வேண்டும், கடைசியாகப் படித்ததும் இங்கேயாக இருக்க வேண்டும். ஒரு கல்வியாண்டில் முடிகிற காரியம். கம்யூனிட்டி காலேஜிலிருந்து எத்தனை யூனிட் கொண்டுபோனாலும் 70க்கு மேல் யூசி எண்ணாது, அதிகம் படித்ததற்காகத் தள்ளிவிடவும் மாட்டார்கள். வெளிநாட்டவருக்கான வகுப்புக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் பத்தாயிரம் டாலர். என் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அடுத்த வருடம் டேவிஸ் கிடைத்தால் அரை மணி நேர டிரைவ். அவளுக்கு அப்போது 18 ஆகியிருக்கும்.

இரண்டு நாள் நான் இதையே நினைத்துக்கொண்டு, அறைக்கு என்ன கலர் அடிக்கலாம் என்றுகூட யோசித்தேன். உபரியாக இருக்கிற வருடத்தைச் செலவழிக்க இதைவிட நல்ல இடம் இல்லை என்று தோன்றியது. அதைக் கவிழ்த்தது அவளேதான்.

"சித்தி, அங்க வந்து நான் என்ன கணக்கு படிக்கிறது?"

நியாயமான கேள்வி. பலமாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடு, இவ்வளவுதான் கம்யூனிட்டி காலேஜில் கணக்குக்கு எல்லை. எல்லாவற்றையும் அவள் ஜூனுக்குள் முடித்துவிடுவாள். கலிஃபோர்னியாவுக்கு வந்தால் இயற்பியலும், புரோகிராமிங்கும், கட்டாயப் பொதுப்பாடங்களும் எடுத்து யூனிட்டை நிரப்பலாம். கணக்கு இல்லாமல் ஒரு வருடம் போகும். அந்த வயதில் ஒரு வருட இடைவெளி எவ்வளவு பெரியது என்று எனக்கு மறந்துபோயிருந்தது. உயிரியலோ பொருளாதாரமோ படிக்கிற பிள்ளைக்கு இதே சுற்றுவழியை நான் முதல் இடத்தில் வைத்திருப்பேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, புள்ளியியல் என்று எடுப்பதற்கு நிறைய இருக்கும், வருடம் வீணாகாது. இவளுக்கு வேண்டாம்.

யூசியின் செலவையும் சொல்லிவிடுகிறேன். வெளி மாநிலத்தவரும் வெளிநாட்டவரும் சாதாரணக் கட்டணத்துக்கு மேல் கட்ட வேண்டிய கூடுதல் தொகை மட்டும் 2025-26ல் 37,602 டாலர். தங்கலும் சாப்பாடும் சேர்த்தால் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டும். தேவையைப் பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகை வெளிநாட்டவருக்கு யூசியில் இல்லை. டேவிஸில் என் வீட்டில் தங்கினால் கணிசமாகக் குறையும். பெர்க்லியில் குறையாது.

பக்கத்திலேயே இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகம்

அக்காவுக்கு இது பட்டியலிலேயே இல்லை. "கம்யூனிட்டி காலேஜ்ல இருந்து பக்கத்து யுனிவர்சிட்டியா? அதுக்கா இவ்ளோ தூரம் அனுப்பினோம்?" என்றாள். துபாயிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

சியாட்டிலில் இருக்கிற வாஷிங்டன் பல்கலைக்கழகம் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களோடு ஒப்பந்தம் வைத்திருக்கிறது. ஒப்பந்தத்துக்கு உட்பட்ட அசோசியேட் பட்டத்தோடு போனால் பொதுப்பாடங்கள் பெரும்பாலும் முடிந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள், 90 கிரெடிட்டும் அப்படியே செல்லுபடியாகும். பட்டத்துக்கு மொத்தம் 180. சேர்க்கை தானாக நடக்காது, போட்டி உண்டு. கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டால் அது தனிப் போட்டி, அதை நம்பி இருக்க முடியாது. கணிதத்துக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. துறையும் நல்ல துறை. கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 40,000 டாலருக்கு மேல். வெளிநாட்டவருக்கு உதவித்தொகை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கார்னெல், பெர்க்லியோடு வைத்துப் பார்த்தால் மொத்தச் செலவு குறைவு.

உபரி வருடத்தை இங்கே எப்படிச் செலவழிப்பது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் குவார்ட்டருக்கு 12 கிரெடிட் எடுத்தாலே முழுநேர மாணவர். மீதி 90 கிரெடிட்டை 15, 15ஆக எடுத்தால் ஆறு குவார்ட்டர், அதாவது இரண்டு கல்வியாண்டு. 12, 12ஆக எடுத்தால் எட்டு குவார்ட்டர். மூன்றாவது டிசம்பரும் அவளுக்குக் கிடைத்துவிடும். நிதானமாக ஆனர்ஸ் பாடங்களையும் முதுகலைப் பாடம் ஒன்றிரண்டையும் எடுத்து, பேராசிரியர்களோடு உட்கார்ந்து பேசி, அதன்பிறகு பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம். அப்போது வயது 20. யாரும் தாமதம் என்று சொல்ல மாட்டார்கள். இது இலவசமல்ல. 12 எடுத்தாலும் 15 எடுத்தாலும் ஒரு குவார்ட்டருக்கு ஒரே கட்டணம்தான், ஆகவே கூடுதலாக இரண்டு குவார்ட்டருக்குப் பணம் கட்ட வேண்டும். ஐ-20ல் இருக்கிற முடிவுத் தேதியையும் ஆலோசகரிடம் முதலிலேயே பேசி வைக்க வேண்டும்.

பெயர் வேண்டும் என்கிற அக்காவின் ஆசைக்கும் இங்கே ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவில் கணித பிஎச்டிக்குப் பெரும்பாலும் நாம் பணம் கட்டுவதில்லை. அவர்கள் கட்டணத்தை ரத்து செய்து, பாடம் நடத்துவதற்கோ ஆராய்ச்சிக்கோ மாதச் சம்பளம் தருகிறார்கள், வெளிநாட்டவருக்கும் சேர்த்து. இளங்கலையில் இரண்டு லட்சம் டாலர் கொடுத்து வாங்குகிற பெயரை முனைவர் பட்டத்தில் சம்பளத்தோடு வாங்க வழி இருக்கிறது. டாவ் பிரின்ஸ்டனுக்குப் போனதும் இந்தக் கட்டத்தில்தான்.

அப்புறம் அவள் தங்கியிருக்கிற ஹோம்ஸ்டே வீடு. பதினாறு வயதில் போய் இறங்கிய நாளிலிருந்து ஒரு வயதான தம்பதி வீட்டில் இருக்கிறாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைக்கத் தெரியாமல் எனக்கு வீடியோ கால் போட்டுக் கேட்டு வைத்துக் கொடுத்தார் அந்த அம்மா. 2024 ஆகஸ்டில் லைட் ரெயில் வடக்கே லின்வுட் வரை நீண்ட பிறகு அவர்கள் வீட்டிலிருந்து ரயில் பிடித்தால் பல்கலைக்கழக நிலையத்தில் இறங்கலாம். இதற்கு எந்தத் தரவரிசையிலும் மதிப்பெண் இல்லை. என் நோட்டில் இருக்கிறது.

பதினெட்டு ஆகாததால் வருகிற சில்லறைத் தொல்லைகள்

இவை எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் வரும். ஆனால் தூரம் கூடக்கூடத் தொல்லையும் கூடும். விடுதி ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்து, மருத்துவமனையில் சிகிச்சைக்குப் பெற்றோர் சம்மதம், பெரியவர் ஒருவர் இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க முடியாமை, வாடகை வீடு கனவிலும் இல்லாமை. துபாயில் அக்கா தூங்குகிற நேரத்தில் இங்கே எல்லா அலுவலகமும் திறந்திருக்கும். சம்மதக் கடிதங்களை முன்கூட்டியே எழுதி, தேவையானவற்றை நோட்டரி செய்து, உள்ளூரில் நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது உத்தமம்.

அதே சமயம் இன்னொரு பக்கம் நேர் எதிராக இருக்கிறது. 1974ல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து, வயது என்னவாக இருந்தாலும், படிப்புப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருக்குத்தான், பெற்றோருக்கு இல்லை. அக்கா மதிப்பெண்ணைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினாள். மாணவியின் கையெழுத்திட்ட சம்மதம் இல்லாமல் சொல்ல முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. "சோத்துக்கு நான் கையெழுத்து போடணும், மார்க்குக்கு அவ கையெழுத்து போடணுமா?" என்று அக்கா அன்று முழுக்கப் புலம்பினாள். சட்டம் அப்படித்தான். பெண் மறுநாளே சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள், கொஞ்சம் சிரித்துக்கொண்டே என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவை விட்டு வெளியே

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் டிரான்ஸ்ஃபர் என்ற ஏற்பாடே இல்லை. இங்கே படித்த இரண்டாண்டை மறந்துவிட்டு, அக்டோபர் 15க்குள் விண்ணப்பித்து, முதலாம் ஆண்டிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டனின் மாணவர் விசா 16 வயதிலிருந்தே கிடைக்கும், 18க்குக் கீழே பெற்றோர் சம்மதமும் தங்குமிட ஏற்பாடும் காட்ட வேண்டும். உபரி வருடம் ஒன்றுக்கு இரண்டாகச் செலவாகும், ஆனால் மூன்றாண்டு முழுக்கக் கணக்கு மட்டும் படிக்கலாம். இவளைப் போன்ற ஒருத்திக்கு அது மோசமான பேரம் இல்லை. எங்களுக்கு இந்த ஆண்டு தேதி போய்விட்டது.

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்துக் கல்லூரிகளிலிருந்து யூபிசிக்கு, அதாவது பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு, மாறுவது பழக்கப்பட்ட பாதைதான். ஆனால் 2024 நவம்பர் 8 முதல், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற வெளிநாட்டு மாணவர் புதிய படிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். முன்பு போல இணையக் கணக்கில் பெயரை மாற்றினால் போதாது. 17 வயதுக்குக் கீழே இருந்தால் கனடாவில் ஒரு காப்பாளரையும் காட்ட வேண்டும். ஏற்கெனவே கனடாவில் ஒரு பிள்ளையை வைத்திருக்கிறவர்கள் இந்தத் தேதியைக் கவனிக்கவும்.

இன்னும் பள்ளிப் படிப்பை முடிக்காத பிள்ளை உள்ள வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு முழுநேரப் பட்ட மாணவராக ஒரு வருடம் படித்துவிட்டால், பெரிய பல்கலைக்கழகங்கள் பொதுவாக டிரான்ஸ்ஃபராகத்தான் பார்க்கும், முதலாம் ஆண்டுச் சேர்க்கைக் கதவு மூடிவிடும். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற சில இடங்களில் முதலாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கிற வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் முடிவெடுக்கிறார்கள், தேவையான உதவியும் தருகிறார்கள். அந்த வாய்ப்பை, இரண்டு வருடம் மிச்சம் என்ற ஆசையில் தெரியாமலே கைவிட்டுவிட்டோம் என்பது எனக்கு இந்த நோட்டை எழுதும்போதுதான் உறைத்தது. அக்காவிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இப்போதைய நிலவரம்

வாஷிங்டன் பல்கலைக்கழகம் முதலிடம். கார்னெல் இரண்டாவது, இரண்டாம் ஆண்டில் சேர்த்தாலும் சம்மதம் என்ற நினைப்போடு, உதவித்தொகையும் கேட்டு. கிடைக்காவிட்டால் போகட்டும். யூசிக்கு நவம்பர் கடைசிக்குள் டேவிஸுக்கும் யூசிஎல்ஏவுக்கும் மட்டும் போட்டு வைக்கிறோம். அங்கே பரிந்துரைக் கடிதம்கூடக் கேட்பதில்லை, கட்டணமும் நாலு சிறு கட்டுரையும்தான் செலவு. ஸ்டான்ஃபோர்டு அக்காவுக்காக.

கார்னெலுக்கு மார்ச் 15 வரை நேரம் இருக்கிறது. அதற்கான கட்டுரையின் முதல் வரைவை அனுப்பியிருந்தாள். "நான் பதினாறு வயதில் கல்லூரிக்குள் நுழைந்தபோது" என்று தொடங்கியிருந்தது. அந்தப் பத்தி முழுவதையும் எடுத்துவிடு என்று எழுதினேன். நேற்று இரவு இரண்டாவது வரைவு வந்தது. நேரியல் இயற்கணித வகுப்பில் ஒரு நிரூபணத்தில் மாட்டிக்கொண்டு, பேராசிரியர் அறை வாசலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பற்றித் தொடங்குகிறது. கணக்கு எனக்குப் பாதிதான் புரிந்தது. மீதியைப் படித்துச் சொல்ல கணக்குத் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.